சேந்தமங்கலத்துப் புட்டி

சேலம்
4–3–1963

அப்பாவுக்கு,

மகளாக எழுதவில்லை. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவளாக எழுதுகிறேன்.

இன்று காலை டாக்டர் உபகாரசாமி ஒரு பட்டியல் கொடுத்தார். சிறுநீரகத்தில் கல் உள்ளவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது பெயர்: “சவரிராயன், வயது 52, ஜவ்வரிசி ஆலைக் களத்து மேஸ்திரி, சேந்தமங்கலம். இடது பக்கம் கல்.” உங்களுக்குக் கல் இருப்பதே அதைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. போன செவ்வாய்க்கிழமை நீங்கள் இங்கே வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். எக்ஸ்ரே அறையிலிருந்து என் அறைக்கு இருபது அடி. கேட்டிருந்தால் யாரும் வழி காட்டியிருப்பார்கள்.

அது போகட்டும். கல் உள்ளவர்களின் சிறுநீரில் சில நொதிகளை அளந்து பார்த்து, கல் உள்ளே என்ன கெடுதல் செய்திருக்கிறது என்று சொல்ல முடியுமா என்பதை டாக்டர் ஆராய்கிறார். அளப்பது என் வேலை. இத்துடன் ஒரு பெரிய ஜாடியும் ஆறு அவுன்ஸ் புட்டி மூன்றும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காலை ஆறு மணிக்குப் போவதைக் கீழே விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு மறுநாள் காலை ஆறு மணி வரை ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமல் ஜாடியில் சேர வேண்டும். ஜாடி ஈர மணலில் இருக்கட்டும். மொத்தம் எத்தனை அவுன்ஸ் என்று ஜாடியின் கோட்டைப் பார்த்து எழுதுங்கள். நன்றாகக் கலக்கி, சின்னப் புட்டி நிறைய ஊற்றி, ஈரத்துணி சுற்றி முதல் பஸ்ஸில் அனுப்புங்கள். தண்ணீர் கலக்கக் கூடாது. புட்டியைக் கழுவ வேண்டாம், கழுவித்தான் அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஜெபமலர்

*

சேந்தமங்கலம்
9–3–1963

பரிசோதனைக்கூடத்து அம்மாவுக்குக் கல் நம்பர் பன்னிரண்டு எழுதிக்கொண்டது.

நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். நலமாக இருப்பவன் எதற்குப் புட்டி அனுப்புகிறான் என்று நீ கேட்பாய். ஆகையால் அதை விட்டுவிட்டேன்.

நீ எழுதினபடியே எல்லாம் செய்தேன். ஆலையில் ஒரு நாள் லீவு கேட்டதற்கு முதலாளி, “என்ன விசேஷம் மேஸ்திரி?” என்றார். “ஒரு சேமிப்பு விஷயமுங்க” என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் லீவு போட்டது என் கல்யாணத்துக்கு, நீ பிறந்ததற்கு, போன மாதம் எக்ஸ்ரேவுக்கு, அப்புறம் இந்த ஜாடிக்கு. நாள் முழுக்க அதற்குக் காவல் இருந்தேன். மொத்தம் இருபத்தாறு அவுன்ஸ். ஒரு மேஸ்திரியின் ஒரு நாள் விளைச்சல் இவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. களத்தில் வெயிலில் நிற்கிறவன் தண்ணீர் குடித்தால் ஒதுங்கப் போகவேண்டும்; ஒதுங்கப் போனால் காய்கிற ஜவ்வரிசியில் ஆடு வாய் வைக்கும். அதனால் பழக்கமில்லை.

புட்டிக்குக் கார்க் அடைக்கும் நேரத்தில் உன் அம்மாவும், களத்தில் ஜவ்வரிசி கூட்டுகிற பாவாயியும் சேர்ந்து ஒரு கூத்து நடத்தினார்கள். சொன்னால் நீ சிரிப்பாய். சொல்லவில்லை.

சேலம் பஸ் கண்டக்டர் மாதையனிடம் புட்டியும் இந்தக் கடிதமும் வருகின்றன. “என்னுங் மேஸ்திரி, மருந்துங்களா?” என்றான். “மருந்துதான். சாயாம நிமித்தி வெச்சுக்கோ மாதையா” என்றேன். பொய் சொல்வதில் நான் கைதேர்ந்தவன் என்று உனக்குத்தான் தெரியுமே. கிறிஸ்துமஸுக்கு உன்னைப் பெண் பார்க்க வந்த ஜலகண்டாபுரத்தாரிடம், பிள்ளை ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறாள் என்று சொன்னதும் இந்த வாய்தான். நீ காப்பித் தட்டை வைத்துவிட்டு, “மருந்து இல்லீங்க, மூத்திரம் டெஸ்ட் பண்றேனுங்க” என்றாய். மாப்பிள்ளையின் அம்மா கையில் அப்போது ஒரு முறுக்கு இருந்தது. அதை அவள் மெதுவாகத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். அந்த முறுக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இருபது அடி என்று எழுதியிருக்கிறாய். பதினெட்டு அடி நடந்தேன் கண்ணு. ஜன்னல் வரை வந்தேன். நீ குனிந்து உட்கார்ந்து, கண்ணாடிக் குழாய் ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாய். குழாயில் மஞ்சளாக ஏறியது. எட்டாவது படித்தவனுக்கும் நிறம் தெரியும். மீதி இரண்டு அடியை நடக்கவில்லை. திரும்பிவிட்டேன்.

நொதி என்றால் என்ன? கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். மாவு நொதிக்கிறதே, அதுதான் என்றான். என் வயிற்றுக்குள் யார் மாவு ஆட்டி வைத்தார்கள்?

சவரிராயன்

*

சேலம்
14–3–1963

அப்பாவுக்கு,

புட்டி உடையாமல் வந்தது.

நொதி என்பது ஒரு சத்து. உடம்பு பல விதமாகச் சுரக்கிறது. அதில் ஒன்றை டயஸ்டேஸ் என்போம். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு உண்டு. அது சுரப்பதில் கொஞ்சம் சிறுநீரில் வரும். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஜவ்வரிசிக் கஞ்சியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் நல்ல நீலமாகும். இந்த நொதி மாவைத் தின்று நீர்க்க வைத்துவிடும். மாவு தீர்ந்துபோனால் அயோடின் விட்டாலும் நீலம் வராது. எவ்வளவு சீக்கிரத்தில் நீலம் போகிறது என்று பார்த்து, நொதி எவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். சிறுநீரகத்திலிருந்தே கசியும் வேறு நொதிகளும் உண்டு. அதற்கு வேறு சோதனை.

டாக்டர் இரண்டாவது புட்டி கேட்கிறார். இன்னும் சில கேள்விகள். வலி இடுப்பில் மட்டும்தானா, தொப்புளுக்கு மேலேயும் உண்டா? சாப்பிட்டபின் கூடுகிறதா? முதுகுக்குப் பரவுகிறதா? உடம்பு இளைத்திருக்கிறதா? யோசித்து எழுதுங்கள், வேடிக்கை வேண்டாம்.

இருபத்தாறு அவுன்ஸ் மிகவும் குறைவு. தினம் எட்டுச் செம்பு தண்ணீர் குடிக்கும்படி எக்ஸ்ரே எடுத்த அன்றே டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் குடிக்கவில்லை என்று புட்டியே சொல்கிறது. முறுக்கு உங்களுக்கு மறக்கவில்லை. எனக்கு மறக்காதது, அவர்கள் போனபிறகு நீங்கள் சொன்னது: “மூத்திரத்துல கைய உடறவ கையால இனி நான் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்.” அன்றைக்குப் பஸ் ஏறியவள்தான். அம்மா கையாலாவது வாங்கிக் குடியுங்கள்.

குழாயை வாயால் உறிஞ்சுவதுதான் எங்கள் வழக்கம். கோடு வரைக்கும் ஏற்றி, விரலால் மூடுவோம். வாய்க்குள் போகாது. அறைக்குள் வந்திருந்தால் காட்டியிருப்பேன்.

ஜெபமலர்

*

சேந்தமங்கலம்
20–3–1963

கண்ணு,

இரண்டாவது புட்டி வருகிறது. இந்தத் தடவை முப்பத்தோரு அவுன்ஸ். ஐந்து அவுன்ஸ் முன்னேற்றம். இந்த வேகத்தில் நான் எட்டாவது படித்த காலத்தில் போயிருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன்.

நீ கேட்ட கேள்விகளுக்கு வேடிக்கை இல்லாமல் பதில் சொல்ல முயல்கிறேன். வலி வரும்போது இடுப்பு, விலா, வயிறு, முன்ஜென்மம் எல்லாம் சேர்ந்து வலிக்கிறது. இதோ, ஆரம்பித்துவிட்டேன். சரி: தொப்புளுக்கு மேலே சில நாள் உண்டு. சாப்பிட்டபின் நெஞ்சு கரிக்கிறது. இளைத்திருக்கிறேன் என்று உன் அம்மா சொல்கிறாள். தவக்காலத்தில் அவள் போடும் சாப்பாட்டுக்கு யார்தான் இளைக்க மாட்டார்கள்? இந்தக் கேள்வியெல்லாம் கல்லுக்கு எதற்கு? நீ எதையோ மறைக்கிறாய். நீ ஆறாவதில் பரிட்சைத் தாளை அரிசிப் பானையில் மறைத்தபோதும் இப்படித்தான் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினாய்.

போன புட்டியின் பிரயாணம் உனக்குத் தெரியாது. ராசிபுரத்தில் ஒரு மதுவிலக்குப் போலீஸ்காரர் பஸ் ஏறினாராம். மாதையன் காலடியில் ஈரத்துணி சுற்றின புட்டியைப் பார்த்துவிட்டார்.

“என்னடா இது?”

“மருந்துங்க. சேந்தமங்கலத்து மேஸ்திரி சேலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாருங்க.”

“ஆஸ்பத்திரியில இருந்து மருந்து வெளியே வரும். உள்ளே போற மருந்து என்னடா மருந்து?”

கார்க்கைத் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாராம். கார்க்கைத் தானே இறுக்கி அடைத்து, கையைக் கைக்குட்டையில் துடைத்துத் துடைத்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாராம். சாயங்காலம் மாதையன் களத்துக்கே வந்துவிட்டான். “ஏனுங் மேஸ்திரி, எங்கிட்டயுமா பொய்யி?” என்றான். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அதனால் இன்றைக்கு உள்ளதைச் சொல்லிக் கொடுத்தேன். “இதப் போயி உங்க புள்ளயா பாக்குது?” என்றான். “ஆமா. எம்புள்ளதான்” என்றேன். பஸ்ஸில் பத்துப் பேர் இருந்தார்கள். நாக்கு குழறவில்லை.

தண்ணீரைப் பற்றி நான் சொன்ன வார்த்தையை நீ அப்படியே திருப்பி எழுதியிருக்கிறாய். படித்தேன். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு காகிதம் வீணாயிற்று. இது மூன்றாவது. இதிலும் வரவில்லை.

அப்பா

*

சேலம்
26–3–1963

அன்புள்ள அப்பா,

நீங்கள் சொன்னது சரி. மறைத்தேன். இனி மறைக்க முடியாது.

முதல் புட்டியிலேயே உங்கள் டயஸ்டேஸ் மற்றவர்களைப்போல் பத்து மடங்கு இருந்தது. ஐந்து நிமிஷத்தில் நீலம் போய்விட்டது. டாக்டர் நம்பவில்லை. “வாயால உறிஞ்சுறப்போ உன் எச்சில் குழாயில இறங்கியிருக்கும். எச்சிலிலும் இந்த நொதிதான் இருக்கு. இவ்வளவு காலம் வேலை பாத்து இதுகூடத் தெரியலையா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இப்படி அளந்தால் ஆராய்ச்சிக்கு வேறு ஆளைத் தேட வேண்டியதுதான் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை, அப்பா. என் தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேலை போனாலும் போகட்டும், அந்த எண் பொய்யாக இருந்தால் போதும் என்று வேண்டினேன்.

இரண்டாவது புட்டி வந்ததும் குழாயின் வாயில் பஞ்சு அடைத்துக்கொண்டேன். டாக்டரைப் பக்கத்தில் நிற்க வைத்து அளந்தேன். முதல் தடவையைவிட அதிகம். மறுபடி அளந்தேன். அதேதான். டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். என் கை சுத்தம் என்று தெரிந்துவிட்டது. அதைப்போல ஒரு துக்கம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

எண் உண்மையென்றால், உங்கள் வலி கல்லால் மட்டும் இல்லை. கணையத்தில் ஏதோ இருக்கிறது. வீக்கமாக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்கிறார். ஏப்ரல் 3, புதன்கிழமை ஆபரேஷன். திங்கட்கிழமையே வந்து சேர்ந்துவிட வேண்டும். அம்மாவையும் கூட்டி வாருங்கள்.

மூன்றாவது புட்டியையும் அதற்கு முன்னால் அனுப்பினால் நல்லது என்றார். அனுப்புங்கள். அதிலும் இதுதான் வரும்.

நீங்கள் திட்டினதையெல்லாம் நான் எழுதி எழுதிக் காட்டினேன். இப்போது அது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

உங்கள் மகள்
ஜெபமலர்

*

சேந்தமங்கலம்
29–3–1963

என் சாமி,

இதைப் பாவசங்கீர்த்தனமாக வைத்துக்கொள். பங்குச் சாமியாரிடம் சொன்னால் அவருக்குப் புரியாது. நீதான் கேட்க வேண்டிய ஆள்.

உன் கடிதம் புதன்கிழமை மத்தியானம் வந்தது. களத்தில் நின்றபடியே படித்தேன். முதல் தரம் படித்தபோது வயிற்றைத் திறப்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் தரம், உன்னை எல்லார் முன்னாலும் கேட்டது. மூன்றாம் தரம்தான் ‘எச்சில்’ என்ற சொல்லிடம் வந்து நின்றேன். கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன். பாவாயி, “என்னுங் மேஸ்திரி, வலி வந்திருச்சுங்களா?” என்று ஓடிவந்தாள். “வலி இல்ல பாவாயி. நீயும் நானும் எம்பொஞ்சாதியும் சேந்து எம்புள்ள பொழப்பக் கெடுத்துப்போட்டோம்” என்றேன்.

சொல்கிறேன். அந்தக் கூத்து என்று எழுதினேனே, அதுதான். பொங்கல் நோம்பியன்று ஆலையில் பந்தயத்துக்கு ஒரு மூட்டை ஜவ்வரிசியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். ஐம்பத்திரண்டு வயதில் அந்தப் புத்தி. அதற்கு அடுத்த வாரம் வலி வந்தது. பாவாயி உன் அம்மாவிடம், “கண்ணுதாங்க பட்டுப்போச்சு. உப்பும் மொளகாயும் சுத்தி, மேஸ்திரிய மூணு தரம் துப்பச் சொல்லி அடுப்புல போடுங்க” என்றாள். உன் அம்மா உப்பு மிளகாயும் செய்தாள், அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றினாள். இரண்டிலும் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் உன் புட்டி வந்து சேர்ந்தது. உன் அம்மா இன்பமேரிக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. “நோவு இருக்கற தண்ணியே ஊர விட்டுப் போவுது. அதுலயே துப்பி உட்டா, கண்ணும் அது கூடவே சேலத்துக்குப் போயிருமுங்க” என்றாள்.

நான் ஒரு ஆண்பிள்ளை, எட்டாவது பாஸ், நாற்பது பெண்கள் வேலை செய்யும் களத்துக்கு மேஸ்திரி. அப்படிப்பட்டவன் என்ன செய்தேன் என்றால், புட்டியை வாய்க்கு நேரே பிடித்து மூன்று தரம் துப்பினேன். அதையும் அரைகுறையாகச் செய்யவில்லை. அரைகுறையாகத் துப்பினால் கண் போகாதாம். இரண்டாவது புட்டியில், முதலில் துப்பினது பத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் தாராளமாக. தண்ணீர் கலக்கக் கூடாது என்றுதானே நீ எழுதினாய்? தண்ணீர் ஒரு சொட்டும் கலக்கவில்லை.

ஜவ்வரிசிக் கஞ்சிச் சட்டியில் நான் தின்ற கரண்டியைப் போட்டால் உன் அம்மா என்ன சொல்வாள்? “எச்சக் கரண்டியப் போட்டா கஞ்சி தண்ணியாப் போயிருமுங்க!” இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்கிறேன். நீ எழுதின நொதி அதுதானே சாமி? உன் அம்மா கையில் கரண்டி, உன் கையில் குழாய். நான் நடுவே இரண்டும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் நான் நினைப்பது சரியா என்று எனக்குப் பயம். அதனால் வியாழக்கிழமை காலை நானே ஒரு பரிசோதனைக்கூடம் வைத்தேன். களத்துக் கொட்டகைக்குப் பின்னால் மூன்று டம்ளர். மூன்றிலும் நீர்க்கக் காய்ச்சின ஜவ்வரிசிக் கஞ்சி. முதல் டம்ளரில் வெறும் கஞ்சி. இரண்டாவதில் ஆறு மணிக்குக் கீழே விட வேண்டிய என்னுடையது, துப்பாமல். மூன்றாவதில் என்னுடையது, துப்பினது. அரை மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு, ஆலைக் காயப் பெட்டியிலிருந்த டிஞ்சர் அயோடினை எடுத்து வந்தேன். முதல் டம்ளர் மையைப்போல நீலம். இரண்டாவதில் ஒரு சொட்டு விட்டேன். நிறம் வரவில்லை. சொட்டு போன இடம் தெரியவில்லை. ஜெபமலரு, அந்த நேரத்தில் நான் என் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டேன். சரி, உள்ளே கட்டிதான், பிள்ளை சரியாகத்தான் அளந்திருக்கிறது என்று நினைத்தேன். மறு கையிலிருந்த அயோடின் புட்டி சாய்ந்து இன்னும் இரண்டு சொட்டு தானாக விழுந்துவிட்டது. நீலம்! கொஞ்சம் வெளிறின நீலம், ஆனாலும் நீலம். மூன்றாவதில் பத்துச் சொட்டு விட்டேன். பழுப்புத்தான். நீலமே இல்லை.

மூன்று டம்ளரையும் உன் அம்மா இனி வீட்டுக்குள் சேர்க்க மாட்டாளாம்.

மூன்றாவது புட்டியை இத்துடன் அனுப்புகிறேன். நேற்றுக் காலை ஆறிலிருந்து இன்று காலை ஆறு வரை சேர்ந்தது. நாற்பத்திரண்டு அவுன்ஸ். யாரும் துப்பவில்லை. உன் அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் கார்க் அடைத்தேன். நானே கொண்டுவந்து கொடுக்கலாம். ஆனால் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது. எழுதிவிட்டால், நீ சிரித்தாலும் அழுதாலும் எனக்கு முப்பது மைலுக்கு அந்தப் பக்கம்.

டாக்டரிடம் இந்தக் கடிதத்தை அப்படியே காட்டு. உன் கையும் குழாயும் சுத்தம், அப்பன் வாய்தான் சுத்தமில்லை என்று சொல். உன் கைத் தண்ணீரைப் பற்றி அந்த வார்த்தை சொன்ன வாயும் அதுதான்.

அப்பா

*

சேலம்
30–3–1963

அப்பா,

நீலம்!

முதலில் அதை எழுதிவிட்டேன். நீங்கள் பஸ்ஸடியில் நின்றே பிரித்துப் படிப்பீர்கள் என்று தெரியும். மாதையனை நிற்க வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் ஹாரன் அடிக்கச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டுகிறார்.

உங்கள் கடிதத்தை நேற்று மத்தியானம் வேலை செய்யும் மேஜையிலேயே படித்தேன். ‘அரைகுறையாகச் செய்யவில்லை’ என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. டம்ளரைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அந்த முதல் சொட்டு ஏன் மறைந்தது தெரியுமா? சிறுநீரே கொஞ்சம் அயோடினைச் சாப்பிட்டுவிடும். நாங்கள் அதற்கு வேறு வழி செய்து கொள்வோம். அதை உங்களுக்கு நான் எழுதியிருந்தால் அந்த ஒரு நிமிஷம் உங்களுக்கு வந்திருக்காது.

குழாயில் பஞ்சு அடைத்து, மூன்றாவது புட்டியிலிருந்து எடுத்து மாவில் கலந்து, வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் நிமிஷத்துக்கு ஒரு சொட்டாக அயோடினோடு வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம், நீலம். பத்து, நீலம். அரை மணி ஆகியும் நீலம்தான். டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் ஓட்டைப் பார்த்தார், உங்கள் கடிதத்தைப் பார்த்தார், மறுபடி ஓட்டைப் பார்த்தார். “உங்கப்பா என்ன படிச்சிருக்கார்?” என்று கேட்டார். எட்டாவது என்றேன். “எனக்கு மூணு டம்ளர் தோணலையே” என்றார். பிறகு, “உன் குழாயச் சொன்னது தப்பு, ஜெபமலர்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

ஆபரேஷன் இல்லை, அப்பா. ரத்துசெய்துவிட்டார். சிறுநீரகம் கெட்டிருந்தால் அதிகமாக வேண்டிய நொதிகளும் உங்களுக்கு அதிகமாகவில்லை. கல் மிளகளவுதான், தண்ணீர் குடித்தால் தானே விழும் என்கிறார். கத்தி வேண்டாம்.

இன்னும் ஒன்று. எங்கள் பட்டியலில் ஐந்தாம் நம்பர் ராசம்மாளுக்கும் கொஞ்சம் கூடுதலாக வந்திருந்தது. இன்று காலை அவர் வந்தபோது டாக்டரே மெதுவாகக் கேட்டார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, “ஒரே ஒருக்காத்தானுங்க துப்புனேன்” என்றார். இனி ஒவ்வொரு புட்டியிலும் ஒட்டும் சீட்டில், தண்ணீர் கலக்கக் கூடாது என்பதற்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அது உங்களால் வந்த வரி.

அம்மாவைக் கோபிக்காதீர்கள். எச்சில் கரண்டியைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் அம்மாதான். நான் அதைப் புத்தகத்தில் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாதையன் திட்டுகிறார். நிறுத்துகிறேன்.

உங்கள்
மலர்

*

சேந்தமங்கலம்
10–4–1963

மலருக்கு,

இத்துடன் ஒரு தீப்பெட்டி வருகிறது. குலுக்கிப் பார்த்துவிட்டுத் திற. குச்சி இல்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்குக் களத்து ஓரத்தில் நின்றபோது, வயிற்றுக்குள் யாரோ சாவியைத் திருப்பினாற்போல இருந்தது. ஒரு கத்து கத்தினேன். காய்கிற ஜவ்வரிசியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு இரண்டும் ஓடிப்போயின. அப்புறம், கல் விழுந்தால் பிடிக்க வைத்திருந்த தகர டப்பாவில் டிங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வலி எங்கே போனதென்று தேடிப் பார்த்தேன், இல்லை. இந்த இரண்டு மாதமாக என்னை நாய்போலச் சுருட்டிப் போட்டது இதுதானா என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நம் ஆலையின் நாலாம் நம்பர் சல்லடையில் போட்டேன். நிற்கவில்லை, கீழே விழுந்துவிட்டது. பொடி ஜவ்வரிசி. விலை போகாத சரக்கு. நான் பெற்றதில் உருப்படியானது நீ ஒருத்திதான் என்று நிரூபணமாயிற்று.

உன் அம்மா என்ன சொல்கிறாள் தெரியுமா? “ரெண்டு புட்டியில துப்பி உட்டோம், கல்லு உழுந்துருச்சு. பின்ன பலிக்கலைன்னு யாருங்க சொன்னது?” உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

ஆலையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நானேதான் சொன்னேன். எம்புள்ள மூத்திரத்தப் பாத்து உள்ள இருக்கறத எண்ணிச் சொல்லும் என்று சொன்னேன். முதலாளி தன் மைத்துனருக்கும் இடுப்பு வலி என்று புட்டி கேட்கிறார். ஒரு புட்டி கொடுத்தனுப்பு. அந்தச் சீட்டை ஒட்டி அனுப்பு.

தண்ணீரைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு மூன்று காகிதம் வீணாக்கினேன் என்று எழுதியிருந்தேன். நாலாவதிலும் எழுத வராது என்று இப்போது தெரிந்துவிட்டது. எழுதித் தீர்க்கிற விஷயம் இல்லை அது. வரும் ஞாயிறு ஈஸ்டர். சனிக்கிழமை பகல் பஸ்ஸில் உனக்கு ஜன்னல் ஓரம் இடம் போட்டு வைக்க மாதையனிடம் சொல்லியிருக்கிறேன். டாக்டர் சொன்ன எட்டுச் செம்பில் சனிக்கிழமை ஏழு செம்பை நானே மொண்டு குடித்துவிடுவேன். எட்டாவது செம்பைப் பானை மேலேயே கவிழ்த்து வைத்திருப்பேன். வந்ததும் நீ மொண்டு கொடு.

உன் அப்பா
சவரிராயன்